படுத்தபடி மிதித்த மூன்று நாள்

நேற்று ராத்திரிதான் கோவை திரும்பினேன். தொடை இன்னும் கடுக்கிறது. ஆனால் இதை எழுதாமல் தூக்கம் வராது.

நண்பரிடம் ஒரு ரிகம்பன்ட் ட்ரைக் இருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோலக் கிடந்து காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். கோவை டிராஃபிக்கில் பழக முடியாது என்று கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அவர் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனோம். கேரளம்தான், ஆனால் தெருவெல்லாம் தமிழ்.

மினி லாரிக்கு 1,200 ரூபாய் என்று பேசியிருந்தோம். வேலந்தாவளம் தாண்டியதும் ஓரங்கட்டிவிட்டு, "பார்டர் தாண்டினா ஐநூறு சேருமுங்க" என்கிறார் டிரைவர். எந்த ஊர் என்று சொல்லித்தானே பேசினோம்? அரைமணி நேரம் வாதாடி 300 கொடுத்தேன். மூன்று நாளுக்கும் சேர்த்து 2,500தான் வைத்திருந்தேன். இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஆனால் வண்டி! இருக்கை தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. பேலன்ஸ் செய்யவே வேண்டாம், நின்றாலும் விழாது. கஷ்டம் வேறு இடத்தில். சைக்கிள் பழக்கத்தில் நிற்கும்போது கால் தானாகத் தரைக்குப் போகும். "காலை மட்டும் கீழ விட்ராதீங்க!" என்று நண்பர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். ஓடும் வண்டியில் பாதம் தரையில் பட்டால் வண்டி அதன்மேல் ஏறிக் காலைப் பின்னுக்கு இழுத்துவிடும், எலும்பே முறியும். பாதத்தைப் பெடலோடு பிடித்துவைக்கும் பட்டை இல்லாமல் யாரும் இதில் ஏறக்கூடாது.

பிரேக்கும் புதுப் பாடம். இடது லீவர் இடது சக்கரத்துக்கு, வலது லீவர் வலதுக்கு. ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். குழிக்குத் தப்புவதும் லேசில்லை. சைக்கிளுக்கு ஒரு தடம், இதற்கு மூன்று. எழுந்து நின்று மிதிக்க வழியில்லாததால் மேட்டில் சின்ன கியருக்கு இறங்கி வேகமாகச் சுற்ற வேண்டும். பெரிய கியரில் முக்கினேன். முதல் நாளே முட்டி வலித்தது.

டீக்கடைப் பாட்டி ஒருவர், "கால் முடியலையா கண்ணு?" என்று கேட்டு, காசே வாங்காமல் டீ கொடுத்தார். கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காசைக் கையில் திணிப்பதற்குள் பெரும்பாடு.

மூன்றாம் நாள் மேற்கே, ராமசேரிக்கு. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக்காற்று முகத்துக்கு நேரே. பக்கத்தில் சாதா சைக்கிளில் வந்த நண்பர் திணறினார். தரையோடு கிடந்த எனக்குக் காற்று மேலேயே போனதுபோல இருந்தது. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் பாரிஸில் இப்படிப் படுத்து மிதித்து ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் தாண்டினாராம். மறு வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. அநியாயம் என்றுதான் சொல்வேன்.

ராமசேரி இட்லி தோசை மாதிரித் தட்டை. மண்பானை வாயில் வலை கட்டி, துணி விரித்து, மாவூற்றி விறகடுப்பில் அவிக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம். பொடியில் தேங்காய் எண்ணெய் குழைத்து ஆறு சாப்பிட்டேன். அந்த மென்மைக்காகவே இன்னொரு தடவை எதிர்க்காற்றில் மிதிப்பேன்.

ட்ரைக்கைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஆவணி முதல் ஞாயிறு மறுபடி போகிறேன், பஸ்ஸில்.