ரீபெர்ஃப்யூஷனை நான்கு பாடங்களிலும் சேர்த்துப் படியுங்கள்

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் பேத்தாலஜியில் ‘ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி’ (நின்ற ரத்தம் திரும்பும்போது திசுவுக்கு வரும் சேதம்) சின்னக் கேள்வியாக வரும். அரைப்பக்கம் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அப்புறம் பார்மகாலஜியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், மெடிசினில் ஹார்ட் அட்டாக், சர்ஜரியில் கால் ரத்தக்குழாய் அடைப்பு என்று அதே ஆள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார். ராயபுரம் பக்கம் ஹவுஸ் சர்ஜனாக இருந்துகொண்டு ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இதற்கு ஒரே நோட்டில் ஒரே இடம் ஒதுக்குங்கள். எந்தப் பாடத்தில் கண்ணில் பட்டாலும் அங்கேயே போய் எழுதுங்கள்.

முதலில் அர்த்தம். அடைபட்டு நின்ற ரத்தம் மறுபடி திசுவுக்குப் போய்ச் சேர்வதுதான் ரீபெர்ஃப்யூஷன். குழாய் திறப்பதற்குப் பெயர் ரீகேனலைசேஷன். ஸ்டென்ட், பைபாஸ் மாதிரி நாம் செய்யும் வேலைக்குப் பெயர் ரீவாஸ்குலரைசேஷன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அங்கேயே பிடித்துக்கொள்வார். மெயின் லைனில் மெட்ரோ வாட்டர் வந்துவிட்டது, ஆனால் சந்துக்குள் இருக்கும் அடிபம்பில் ஏறவில்லை என்றால் எப்படி? இதயத்திலும் அது நடக்கும். பெரிய குழாய் திறந்தும், நுண்குழாய்கள் வீங்கி, சின்ன ரத்தக்கட்டிகள் அடைத்து, தசைக்கு ரத்தம் போகாது. இதுதான் நோ-ரீஃப்ளோ. ஆஞ்சியோகிராமில் ஓட்டத்தை டிமி கிரேடு 0 முதல் 3 வரை சொல்வார்கள். 3 என்றால் முழு ஓட்டம். அது பெரிய குழாயின் ஓட்டம் மட்டுமே என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நீங்கள் புரிந்து படித்தவர் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். இங்கேதான் நான் ரொம்ப நேரம் உட்காரச் சொல்வேன். 1977இல் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் காட்டியது: ரத்தம் நின்றால் தசை ஒரேயடியாகச் சாவதில்லை. உள்பக்கச் சுவரில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி அலை மாதிரி பரவுகிறது. சுமார் 20 நிமிடத்துக்குள் ரத்தம் திரும்பினால் தசை பிழைக்கும்; அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். இது புரிந்தால் மற்ற எண்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஹார்ட் அட்டாக் என்று உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. முடியாதென்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் இருப்பவருக்கு, தடை எதுவும் இல்லையென்றால், கட்டியைக் கரைக்கும் மருந்து.

கேஸ் எடுக்கும்போது ‘வலி எப்போ ஆரம்பிச்சது?’ என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. காசிமேட்டு மீன் துறைமுகத்து அண்ணன் ‘விடிகாலை ஏலத்துலயே நெஞ்சைப் புடிச்சுதுப்பா, கேஸுன்னு சோடா குடிச்சேன்’ என்பார். ஏலம் எத்தனை மணிக்கு, சோடா குடித்த பிறகு எவ்வளவு நேரம் வீட்டில் இருந்தார், எப்போது ஆட்டோ ஏறினார் என்று கடிகார நேரமாக மாற்றி எழுதுங்கள். லாங் கேஸில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்றுவது. பிரஷர் இறங்கலாம், அலர்ஜி வரலாம், ஆன்டிபாடி உருவாவதால் பிற்பாடு மறுபடி கொடுப்பதில்லை. அதே வேலை செய்யும் டெனெக்டெப்ளேஸ் எடைக்கு ஏற்ப ஒரே ஊசி. மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? இது கட்டாயம் வரும் கேள்வி. 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தால் எஸ்.டி. ஏற்றம் (அடைப்பால் ஈசிஜி கோட்டில் வரும் உயர்வு) பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும், வலி குறைந்திருக்க வேண்டும். இதயத்தசை சாகும்போது ரத்தத்தில் கலக்கும் சி.கே.-எம்.பி. என்ற என்ஸைம் சீக்கிரமே உச்சத்துக்குப் போகும். தேங்கி நின்றதை ரத்தம் கழுவிக்கொண்டு வருகிறது. ஆக்ஸிலரேட்டட் இடியோவென்ட்ரிகுலர் ரிதம் (இதயத்தின் கீழறையிலிருந்தே கிளம்பும் துடிப்பு) மானிட்டரில் ஓடினால் பதற வேண்டாம், பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. எஸ்.டி. இறங்கவே இல்லையென்றால் ரெஸ்க்யூ ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (மருந்து தோற்றபின் உடனே செய்வது) அனுப்ப வேண்டும்.

இப்போது இஞ்சுரி. திரும்பி வரும் ரத்தம் ஆக்ஸிஜனோடு ஃப்ரீ ராடிக்கல்களையும் கிளப்பிவிடுகிறது. கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் புகுகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் துளைகள் திறந்துகொள்கின்றன, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்களும் சேர்ந்துகொள்கின்றன. கால்சியம் அதிகமாகி தசைநார்கள் இறுகிப்போவதைத்தான் ஸ்லைடில் கான்ட்ராக்‌ஷன் பேண்ட் நெக்ரோசிஸ் என்று பார்க்கிறோம். ‘அப்படியானால் அடைப்பைத் திறக்காமலே விடலாமா?’ என்று கேட்டு மடக்குவார்கள். கூடாது, திறக்காவிட்டால் மொத்தமும் போகும், திறந்தால் போவது ஒரு பகுதி. இந்த ஒரு வரியைத் தயங்காமல் சொல்லப் பழகுங்கள்.

சர்ஜரியில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். காலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் நின்று, அப்புறம் அடைப்பை எடுத்தால் பொட்டாசியம் கிடுகிடுவென ஏறும், தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் கிட்னியை அடிக்கும், தசை வீங்கி உறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வரும். அதனால்தான் அந்த உறையைக் கீறிவிடும் ஃபேஷியோடமி. வடசென்னையில் லேத்தும் பிரஸ்ஸும் இருக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, கைக்காயமும் அப்படித்தான். துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது: ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் அது அதிக நேரம் தாங்கும். முன்கையோடு துண்டானால் அவகாசம் குறைவு. இந்த வித்தியாசத்தின் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் முழு மார்க்.

ஸ்ட்ரோக்கை வேகமாக முடித்துவிடலாம். முதலில் சி.டி. எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. அதில் பத்து சதவீதம் முதலிலேயே ஊசியாக, மீதி ஒரு மணி நேரத்தில். பெரிய குழாய் அடைப்பென்றால் கட்டியைக் கம்பி விட்டு எடுப்பது, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட. ஹார்ட்டுக்கு ஓடும் ஸ்ட்ரெப்டோகைனேஸை இங்கே ஏன் கொடுப்பதில்லை என்று கேட்பார்கள். ஆய்வுகளில் மூளைக்குள் கசிவு கூடியதால் கைவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அவர் கேட்டால்தான் பேச வேண்டும்.