பன்னிரண்டு ஸ்பீக்கர், ஒரு சின்ன அறை

ஸ்டீரியோவில் மட்டுமே பாட்டு மிக்ஸ் செய்துகொண்டிருந்த என்னிடம் டால்பி அட்மாஸ் (கேட்பவரைச் சுற்றியும் தலைக்கு மேலும் ஒலி வரும் முறை) வேலைகள் வரத் தொடங்கியதும், வீட்டு ஸ்டூடியோவை 7.1.4-க்கு, அதாவது சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், கூரையில் நான்கு என்று மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். என் கணக்கு சுலபமானது. கை பழகிய 8 அங்குல ஸ்பீக்கர் ஜோடி முன்னால் அப்படியே இருக்கட்டும், மீதி ஒன்பதையும் ஒரு சப்வூஃபரையும் வேறு கம்பெனியில் மலிவாக வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது. பக்கத்திலும் கூரையிலும் அப்படி என்ன வந்துவிடப் போகிறது, கொஞ்சம் எதிரொலி (ரிவெர்ப்)தானே!

முதல் வேலையிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு கோரஸ் குரல் கேட்பவரைச் சுற்றி வர வேண்டும். முன்னால் கனமாகப் பாடிய பெண், வலது பக்கம் வந்ததும் ஜலதோஷம் பிடித்தவள் போலப் பாடினாள், பின்னால் போனால் வேறு யாரோ. முதலில் மைக்கைத்தான் சந்தேகப்பட்டேன் (வழக்கம்தான், குற்றம் எப்போதும் அடுத்தவர் வேலையில்தான் இருக்கும்). அப்புறம் மூன்று இரவு ஈக்யூவோடு (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மல்லுக்கட்டினேன். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வைத்து அளந்தால் கிராஃப் ஒன்றுபோல வந்துவிடுகிறது, காதுக்கு மட்டும் வரவில்லை. காரணம், ஒவ்வொரு ஸ்பீக்கரும் பக்கவாட்டில் ஒலியைப் பரப்பும் விதம் வேறு, அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து குரலின் நிறத்தை மாற்றுகிறது, அதை எந்த ஈக்யூவும் சரிசெய்யாது.

அந்த 8 அங்குல ஜோடியை விற்றுவிட்டேன். மனசு வரவில்லை, ஆனாலும் விற்றேன். பதினொன்றும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வரிசையில், 5 அங்குலம் போதும் என்று முடிவானது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், நான் உட்காருவதும் 1.5 மீட்டரில்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பிங்க் நாய்ஸில் (அளவு பார்க்க ஓட்டும் சோதனை இரைச்சல்) நான் உட்காரும் இடத்தில் 79 டெசிபெலுக்கு வைக்கிறேன், அதற்கு மேல் உச்சங்களுக்கு 20 டெசிபெலாவது மிச்சம் வேண்டும். ஸ்பீக்கர் விவரத்தாளில் 1 மீட்டருக்கு என்று போட்டிருக்கும் அளவு 1.5 மீட்டருக்கு வரும்போது ஏறக்குறைய 3.5 டெசிபெல் குறையும், ஆக 103 டெசிபெல் தொடும் ஸ்பீக்கராக இருந்தால் சரி. பிராண்டு பெயரை விட இந்தக் கணக்குதான் எனக்கு உதவியது.

கூரைதான் உண்மையான தலைவலி. 2.4 மீட்டர் உயரம், காது 1.2-ல், ஸ்பீக்கர் தொங்குவதில் 30 சென்டிமீட்டர் போனால் தலைக்கு மேல் மிஞ்சுவது 90 சென்டிமீட்டர். இவ்வளவு கிட்டத்தில் வூஃபரும் (கனத்த ஒலிக்கானது) ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கானது) தனித்தனியாகக் கேட்கும், அதனால் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருக்கும் கோஆக்சியல் வகையைத் தேர்ந்தெடுத்தேன். குடும்பம் மாறக் கூடாதே, முன்னாலும் அதையேதான். மேலே உள்ளவை கிட்டத்தில் இருப்பதால் அவற்றின் ஒலி முந்தி வந்துவிடும், 1 மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் என்று கணக்குப் போட்டுத் தாமதம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் கம்பியும் போட்டேன். தலைக்கு மேலே ஆறேழு கிலோ ஆடினால் மிக்ஸில் கவனம் எங்கே போகும்?

எல்லாமே உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் என்பதால் கரண்டுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என ஆளுக்கு இரண்டு, மொத்தம் 24 கேபிள். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் என் இன்டர்ஃபேஸில் இருந்ததோ எட்டு அவுட்புட். அந்தக் கதை வேண்டாம்.

போன வாரம் அந்தக் கோரஸ் ஃபைலைத் திறந்து, போட்ட ஈக்யூவை எல்லாம் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஒரே பெண் முழுச் சுற்றும் வந்தாள். இடது பின்பக்கம் மட்டும் குரல் லேசாகத் தடிக்கிறது, அந்த ஸ்பீக்கர் மூலைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. நகர்த்த வேண்டும் என்றால் முதலில் அலமாரியைக் காலி செய்ய வேண்டும்.