மடுவில் 25 வருஷமாக நின்ற நேர்த்தி

மருதமடுத் தாயே, உமக்குக் கோடி நன்றி. இதைச் சொல்லாமல் எனக்கு எழுதத் தொடங்க வரவில்லை.

அம்மா இந்த நேர்த்தியை வைத்தது 1999 கார்த்திகையில். அப்போது எங்கள் வீடு என்பது, மன்னார் மாவட்டத்தில் இருக்கிற மடு மாதா கோயில் வளவில் ஒரு தறப்பாள் கொட்டில். நவம்பர் 20ஆம் திகதி இரவு, அடைக்கலம் தேடிக் கோயிலுக்குள் படுத்திருந்த சனத்துக்குள் ஷெல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள், சின்னப் பிள்ளைகளும் அதற்குள். அம்மா எங்கள் நாலு பேரையும் நிலத்தில் போட்டு மேலே கவிழ்ந்து படுத்தா. எனக்கு 9 வயது. அவவின் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. "தாயே, இந்த நாலையும் காப்பாத்தித் தா. சமாதானம் வந்த உடனே நாலு பேரையும் கூட்டிக்கொண்டு உன்ர ஆவணித் திருவிழாவுக்கு வந்து நிப்பன்" என்று வாய்விட்டுச் சொன்னா.

காப்பாற்றித் தந்தா. அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் 2009இல் சண்டை முடிந்தபோது எங்களில் மூன்று பேர்தான் இருந்தோம். மூத்த அண்ணா வரவில்லை. எங்கே என்று இன்றுவரை தெரியாது. துவக்குச் சத்தம் நின்றுவிட்டது, சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா மட்டும் மடுவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டா. "மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தி முடிஞ்சுது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" 2015 தை மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கே வந்தார். எங்கள் பங்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் போனது. அம்மா வீட்டில் இருந்து செபமாலை சொன்னா. 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் இருக்கிறார்களே, அங்கே போய் இருந்தா. "மாதாவும் மகனைக் காணேல்லை எண்டு மூண்டு நாள் தேடினவதானே, நான் தேடக் கூடாதோ?" என்பா. யார் என்ன பதில் சொல்ல முடியும்?

இன்னொன்றும் இருந்தது. பூசையில் சமாதானம் பகிரும் நேரம் வந்தால் அம்மா ஒருவர் பக்கமும் திரும்பமாட்டா. கையைக் குவித்தபடி பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பா. ஒருநாள் கேட்டேன். "என்னட்டை இல்லாததை எப்பிடிக் குடுக்கிறது? குடுத்தாப் பொய்" என்றா. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

2024 ஆடி மாதத்தில் ஒரு இரவு செய்தியில் காசாவைக் காட்டினார்கள். கூடாரம் கூடாரமாகச் சனம். அம்மா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்று, "அதே தறப்பாள்" என்றா. காசா நகரத்துத் திருக்குடும்ப ஆலயத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் அடைக்கலமாக இருப்பதையும், திருத்தந்தை மாலையில் அவர்களோடு போனில் கதைப்பதையும் தங்கச்சி சொன்னாள். கோயிலுக்குள் பிள்ளைகளோடு படுத்திருக்கும் சனம் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிய எழும்பி, "இந்த முறை மடுவுக்குப் போவம்" என்றா. மடுத் தாயாருக்கு முடிசூட்டி 100 வருஷம் நிறைந்த வருஷமும் அதுதான்.

மன்னாரிலிருந்து ரயிலில்தான் போகவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, சின்ன வயதில் அப்படித்தான் போனவவாம். 1990இல் நின்றுபோன பாதை. 2013இல்தான் மடு வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் ஓட்டோக்காரர் சூழ்ந்துகொண்டார்கள். திருவிழாவுக்கு வருகிற சனத்திடம் ஒன்றுக்கு மூன்றாகக் கேட்கிறார்கள், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 71 வயது மனுசியை வைத்துக்கொண்டு என்ன பேரம் பேசுவது, ஏறினோம். கோயிலடியில் இன்னொருவர் வந்து, காசு தந்தால் வரிசையில் முன்னுக்கு விடுகிறேன் என்றார். தாயாரிடம் போகவும் கள்ள வழியா? அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாக விலகிப் போனார்.

மரத்துக்குக் கீழே கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கினோம். குளிக்கத் தண்ணி பவுசருக்கு ஒரு மணித்தியாலம் வாளியோடு நிற்கவேண்டும். புழுதி, வெயில், விடியவிடிய ஒலிபெருக்கி. பக்கத்துக் கூடாரம் சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம். எங்களுக்கு அவர்களின் மொழி அரைகுறை, அவர்களுக்கு எங்கள் மொழி அதுவும் இல்லை. ஆனால் இரவு அவர்கள் செபமாலை சொல்லும்போது எந்த மணியில் நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

சொரூபத்துக்கு முன்னால் போனபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. எத்தனை மன்றாட்டைச் சேர்த்துக்கொண்டு போனேன்! ஒன்றும் வரவில்லை. முன்னுக்கு நின்ற சிலர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே நின்றதில் அம்மாவுக்கு மறைத்தது. தம்பி அவவை இடுப்பில் பிடித்துச் சற்றுத் தூக்கினான். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கி வந்த தாயார். 2008 சித்திரையில் சண்டை நெருங்க, குருவானவர்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன தாயார். அம்மா அவவைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பதுபோல, "நீங்களும் ரண்டு தரம் இடம்பெயர்ந்தனீங்கள். உங்களுக்கு விளங்கும்" என்றா. பிறகு எங்கள் மூன்று பேரின் பெயரையும் சொன்னா. கடைசியில் அண்ணாவின் பெயரையும் சொன்னா. "இவனை நீங்கள் வைச்சிருங்கோ" என்றா. வரிசை தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான் நேரம்.

15ஆம் திகதி காலைத் திருப்பலி. வெளியே பந்தலுக்குக் கீழே சனக்கடல், தமிழும் சிங்களமும் மாறிமாறி. 'என் அமைதியையே உங்களுக்கு அளிக்கிறேன்' என்ற ஆண்டவரின் வார்த்தையைச் சொல்லி மன்றாடி, ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிரச் சொன்னார்கள். அம்மா வழக்கம்போலப் பீடத்தைப் பார்த்தபடி நின்றா. பின்னாலிருந்து ஒரு கை அவவின் தோளைத் தொட்டது. அந்தச் சிலாபத்து அம்மா. இடுப்பில் பேரப்பிள்ளை, ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து தன் மொழியில் ஏதோ சொன்னா.

அம்மா திரும்பினா. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றா. அடுத்த செபம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்தா. அந்தப் பிள்ளை அம்மாவின் செபமாலையை இழுத்தது. அம்மா விடவில்லை, கையையும் விடவில்லை. நான் அழுதேன். தம்பியும்தான்.

மத்தியானம் கூடாரத்தில் மெல்லக் கேட்டேன்: "அம்மா, இப்ப இருக்கோ?"

"இல்லை" என்றா. "அவ தந்தா. வாங்கினனான்."

உயிர்த்த ஆண்டவர் வந்தபோது சீடர்களும் கதவைப் பூட்டிக்கொண்டுதானே இருந்தார்கள். அவர்களிடமும் சமாதானம் இருக்கவில்லை. அவர் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் கையிலிருந்த ஆணிக்காயத்தை மறைக்கவில்லை, காட்டினார். எத்தனை உயிர்ப்புக்காலத்தில் கேட்டிருப்பேன் இந்த வாசகத்தை. அன்று அந்தக் கூடாரத்துக்குள்தான் அது எனக்கு விளங்கியது. அம்மாவின் காயம் அப்படியே இருக்கிறது. அண்ணாவைத் தேடுவதையும் அவ விடமாட்டா. இருந்தும் அவவின் கை திறந்தது. முழுச் சமாதானத்தையும் ஒருநாள் அவர் கொண்டுவருவார் என்று நம்ப எனக்கு அது போதும். தாயே, நீர் உம்முடைய மகனிடம் கேட்டுத் தந்தீர். உமக்கு நன்றி, நன்றி.

வெளிக்கிடும்போது அம்மா மடு மண்ணைக் கடதாசியில் மடித்துப் பொட்டலம் கட்டினா. எங்கள் மூன்று பேருக்கும் மூன்று. நாலாவதைக் கட்டித் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தா. ஐந்தாவதும் ஒன்று கட்டினா. "இது ஆருக்கு?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அங்க தறப்பாளுக்குள்ள இருக்கிற பிள்ளையளுக்கு" என்றா. அது வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் இருக்கிறது. இரவுச் செபத்தில் அம்மா அதைத் தொட்டுவிட்டுத்தான் படுக்கிறா.