மலை மந்திரில் ஒரு கிருத்திகை

கிருத்திகை மாலையில் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போனால் தில்லியில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். முனிர்காவிலிருந்து நடந்தே வருகிற மாமிகள், அலுவலகப் பையோடு படியேறும் பையன்கள், எங்கோ அகவும் மயில். 1973-ல் கும்பாபிஷேகம் ஆன உத்தர சுவாமிமலை; மேலே நம் சுவாமிநாதன்.

இந்தத் தடவை என்னோடு வந்தவள் தோழியின் மருமகள், ஜெர்மனிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே முருகனைப் பிடித்துக்கொண்டவள். ஐப்பசியில் ஆறு நாளும் சஷ்டி விரதம் இருப்பாள். சர்க்கரையைச் சாக்குச் சொல்லி நான் தப்பித்துக்கொள்கிற விரதம் அது. போன வருஷம் தமிழ்நாட்டில் ஒரு பெரிய கோயில் வாசலில் இவளை மட்டும் நிறுத்தி, மதம் மாறிய சர்டிஃபிகேட் கேட்டிருக்கிறார்கள். புருஷனும் குழந்தையும் தரிசனம் முடித்து வரும்வரை செருப்பு ஸ்டாண்ட் ஓரமாக நின்றிருக்கிறாள்.

காலையில் பிர்லா மந்திரைச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம். சுற்றிப் பார்க்க நல்ல இடம். கும்பிட எனக்கு ஏனோ அங்கே மனசு ஒட்டுவதில்லை. ஆனால் ஒன்று, எல்லாச் சாதியாரையும் உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் காந்தி 1939-ல் அதைத் திறந்துவைத்தார். அதே வருஷம் ஜூலையில் மதுரையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனார். அன்று எதிர்த்தவர்களும் வழக்கம், சம்பிரதாயம் என்றுதான் சொன்னார்கள்.

மலை மந்திர் படிக்கட்டின் அடியில் அவள் சட்டென்று நின்றாள். "ஆன்ட்டி, இங்க கேப்பாங்களா?"

"ஏறும்மா, பாத்துக்கலாம்."

யாரும் கேட்கவில்லை. கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைவிட வேகமாக ஏறினாள். அர்ச்சனைத் தட்டை நீட்டினோம். கோத்திரம்? புகுந்த வீட்டுக் கோத்திரத்தைச் சொன்னாள். நட்சத்திரம்? "அனுஷம்." ஹாம்பர்க்கில் பிறந்த நேரத்தை வைத்து மாமியார் கணித்துக்கொடுத்தது. பெயரைத்தான் அர்ச்சகர் இரண்டாம் தரம் கேட்டார். நடுவில் ஓரெழுத்தில் நாக்குத் தடுக்கியது, அவ்வளவுதான். சங்கல்பம் மேலே ஓடியது. தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விபூதி வாங்கினாள். வலது உள்ளங்கை மேலே, இடது கை கீழே. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று போர்டு வைக்கச் சொன்னது. கோயில் பிக்னிக் ஸ்பாட் அல்ல என்றார் நீதிபதி. அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வழியும் இருக்கிறது. சுவாமி மேல் நம்பிக்கை உண்டு, வழக்கங்களை மதிப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே போகலாம். மதம் மாறியவர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1970-லேயே, நம்மூர்ப் பெண் ஒருத்தியின் கல்யாண வழக்கில், இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் இருந்தால் போதும், சுத்திச் சடங்கெல்லாம் கட்டாயமில்லை என்று. வாசலில் நிற்கிற காவலாளிக்கு இதை யார் போய்ச் சொல்வது?

பிறப்பைப் பார்த்தால் போதும் என்பவர்கள் பூரியை நினைத்துக்கொள்ளலாம். 1984-ல் இந்திரா காந்தியையே ஜகந்நாதர் கோயிலுக்குள் விடவில்லை. காஷ்மீரப் பண்டிட் வீட்டில் பிறந்தவர்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டது பார்சியை. எதிரே ஒரு நூலகத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கர்ப்பக்கிரகத்துக்குள் நாமும்தான் போவதில்லை. அந்த ஆகம எல்லையைப் பற்றி எனக்கு வழக்கே கிடையாது. அரை டிராயரோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைத் தாராளமாக நிறுத்தட்டும். ஆனால் அன்றைக்கு மலை மந்திரில் பிராகாரத்தை ரீல்ஸ் எடுத்தவன் சுத்தத் தமிழ்ப் பையன். தொண்டர் ஒருவர் செல்லை உள்ளே வைக்கச் சொன்னார், முணுமுணுத்துக்கொண்டே வைத்தான்.

தையில் இவர்கள் பழனிக்குப் போகிறார்கள். எழுதிக் கொடுக்க அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "நம்பிக்கை இருக்குன்னு எழுதறதுல என்ன ஆன்ட்டி?" என்கிறாள். வருத்தமெல்லாம் எனக்குத்தான். கூடவே என் தம்பியும் போகிறான். சாமியாவது பூதமாவது என்பவன், பஞ்சாமிர்தத்துக்காக மட்டும் வருகிறவன். அவனிடமும் அதே தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கட்டும்.