ரூபி பீச்சில் 14 பேரோடு கல்யாணம்

சியாட்டிலில் மண்டபம் பிடித்து 300 பேரைக் கூப்பிட எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் ரூபி பீச்சில், 14 பேர் சுற்றி நிற்க மாலை மாற்றித் தாலி கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். 2025 ஜூன் 26, வியாழக்கிழமை காலையில் அது நல்லபடியாக நடந்தது. அப்புறம் நாலைந்து பேர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதி. எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான், அதனால் கரை எந்த நேரமும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நினைப்பிலேயே வளர்ந்தவள் நான். இங்கே இரண்டரை மீட்டர் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின்போது அலை கரையோர மரக்குவியலைத் தொட்டுவிடும். அந்த மரங்களில் சில படுத்துக் கிடக்கும்போதே என் இடுப்பு உயரம் இருக்கும், காட்டிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு போனதைக் கடல் திருப்பிக் கொண்டுவந்து போட்டவை. பெரிய அலை ஒன்று வந்தால் அவ்வளவு பெரிய மரமும் உருளும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பூங்காக்காரர்கள் இதைச் சொல்லிப் பலமுறை எச்சரிக்கிறார்கள், தயவுசெய்து அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் பக்கத்தில் இருக்கும் லா புஷ் கடற்கரைக்கான ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோடையில் இந்தக் கரையில் கடல் அதிகம் வற்றுவது காலையில்தான், மாலையிலும் ஒரு வற்றம் உண்டு என்றாலும் காலையில் வற்றுவதில் பாதிகூட இருக்காது. நாங்கள் முதலில் பேசிய போட்டோகிராபர் அஸ்தமன நேரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், அவரை விட்டுவிட்டோம். அம்மாவுக்கோ வேறு கவலை. "ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி முடிச்சிரு, வளர்பிறையா பாத்து வை" என்று தினமும் போன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பஞ்சாங்கமும் ஏற்றவற்றமும் ஒரே சந்திரனின் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் வற்றும், அமாவாசை கழிந்த மறுநாள் வளர்பிறைத் துவிதியை. எட்டு மணி வாக்கில் தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருக்கும். வியாழக்கிழமை எமகண்டம் பகலை எட்டாகப் பிரித்ததில் முதல் பங்கு, இங்கே ஜூனில் பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம் என்பதால் ஒரு பங்கு இரண்டு மணி நேரம் வருகிறது, காலண்டரில் அச்சடித்திருக்கும் 6 – 7.30 இங்கே பொருந்தாது. 5.20-க்கு உதயம் என்றால் 7.20-க்கு எமகண்டம் முடிந்துவிடும். அம்மாவே கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்றார்.

பூங்காவில் கல்யாணம் செய்யச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், பல வாரம் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி கிடைத்தால் கடற்கரை நமக்கே சொந்தம் என்று அர்த்தமில்லை, மற்றவர்களும் வந்து போவார்கள். நாங்கள் வார நாளைப் பிடித்தது அதற்காகவும்தான். வாஷிங்டன் மாநிலத்தில் திருமண உரிமம் வாங்கி மூன்று நாள் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு 60 நாளுக்குள் முடிக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் தேவை. வெளியூரிலிருந்து பறந்து வருபவர்கள் இந்த மூன்று நாளைக் கணக்கில் வைக்காமல் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அரிசி, பூவிதழ் எதையும் அங்கே தூவக்கூடாது. அட்சதை இல்லாத கல்யாணமா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் வருத்தம்தான். கடைசியில் விடிகாலையில், பக்கத்து ஊரான க்ளேலாக்கில் தங்கியிருந்த அறையிலேயே மஞ்சள் அரிசி போட்டு எல்லோரும் ஆசீர்வதித்துவிட்டார்கள். ஓமம் வளர்க்கவில்லை. அப்பா பக்கத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை, தாத்தாவுடையதே சுயமரியாதைத் திருமணம். 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வந்து அது செல்லும் என்று ஆனபோது அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து கீழே இறங்கும் பாதை சின்னதுதான், ஆனால் முடிகிற இடத்தில் மரக்குவியலைத் தாண்ட வேண்டும். பட்டுப்புடவைக்குள் குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை, காலில் மலையேறும் ஷூ, செருப்பு அத்தை கையில். ஜூன் மாதம் என்றாலும் காலையில் நல்ல குளிர், மூடுபனி வேறு, கரைக்கு எதிரே நிற்கும் பாறைத் தீவான அபி தீவு பாதிதான் தெரிந்தது. செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்று அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம்.

தண்ணீர் விலகிப்போன பாறையின் அடியில் ஊதா நிற நட்சத்திர மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, குட்டையில் பச்சைக் கடல்சாமந்தி விரிந்திருந்தது. தங்கச்சி பொண்ணு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. நாதஸ்வரம் இல்லாததால் அத்தையும் சித்தியும் குலவை போட்டார்கள், அது பாறையில் மோதித் திரும்பி வந்தது, தூரத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி நின்று கைதட்டினார்கள்.

ஒன்பதரைக்கு எல்லோரும் மேலே ஏறிவிட்டோம். மாலைகளை உதிர்ந்த இதழ்களோடு ஒரு துணிப்பையில் போட்டு அப்பா சுமந்து வந்தார். மத்தியானம் நானும் என் கணவரும் மட்டும் திரும்பப் போய் மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தோம், நாங்கள் நின்ற இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.