முந்திரி நாற்றும் மட்காத சாணமும்

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி மரம் தாக்குப்பிடிக்கும். அதே மண்ணை மட்டும் பையில் அடைத்தால் நாற்று திணறும். அந்த மண்ணில் மட்கு மிகக் குறைவு. நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். அதனால் செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் சட்டிக்குச் சட்டி சமமாகக் கலக்க வேண்டும். 100 பைக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிச் சேர்த்து, லேசாக நனைத்து, இரண்டு வாரம் நிழலில் போட்டுவைத்த பிறகே பையில் நிரப்புங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது தொழு உரத்தில்தான். பாதி மட்கிய சாணம் பைக்குள் சூடேறும், அம்மோனியா கிளம்பும். இலை மஞ்சளாகிறதே என்று இன்னும் கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றுவார்கள். நாற்று போயே போய்விடும். பையைக் கிழித்துப் பாருங்கள்: வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனி பழுப்பாகக் கருகியிருக்கும். சாணத்தில் வைக்கோல் மட்காமல் கிடந்தால் இன்னொரு கேடு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். மட்காத தென்னைநார்க் கழிவும் இதே வேலையைத்தான் செய்யும்.

சோதிப்பது சுலபம். ஈரமான எருவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மூக்கில் காரம் ஏறினால் எருக்குழிக்கே திருப்பி அனுப்புங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி. சலிக்கும்போது வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட வண்டுப் புழு கிடந்தால் கையோடு பொறுக்கிவிடுங்கள்.

விதைக்கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மூழ்குவதை மட்டும் எடுத்து ஊறவையுங்கள். காம்பு இருந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு விரல்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். முளைத்ததும் உரம் ஊற்றும் அவசரம் வேண்டாம். அந்த இரண்டு தடித்த விதையிலைகளே முதல் சில வாரம் சோறு போடும். அவை சுருங்கத் தொடங்கிய பிறகு, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யத்தை வடிகட்டிக் கலந்து தெளிக்கலாம். பையில் தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகும். ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நடும் குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய எரு, 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். நட்டபின் சருகு மூடாக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போடுங்கள். ஒட்டிக் கிடந்தால் சருகோடு பட்டையையும் கரையான் தின்னும்.