குழுவை விட்டுப்போன பாடகர்

இந்தச் சிறப்பு மலருக்கு ஒரு வெள்ளைக்காரப் பாடகரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் சிரித்தான். அவனுக்கும் இதில் பங்கு உண்டு.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் விடுதியில் இருந்த மேல்வகுப்பு அண்ணை ஒருவருக்கு லண்டனிலிருந்து மாமா ஒரு கசெட் அனுப்பியிருந்தார். பீற்றர் கேப்ரியல் தனியாக வெளியிட்ட முதல் இசைத்தட்டு, 1977இல் வந்தது. அதற்கு முன் அவர் ஜெனசிஸ் என்ற றோக் குழுவின் பாடகர். சர்ரேயில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பெடியள் 1967இல் சேர்ந்து தொடங்கிய குழு அது. நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1975இல், கேப்ரியல் விலகினார். குழு படுத்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஃபில் கொலின்ஸ் பாட முன்வந்தார்; குழு முன்னையைவிடப் பெரிதாகியது.

விட்டுப்போனதைப் பற்றியே கேப்ரியல் பாடிய பாட்டு ‘சோல்ஸ்பரி ஹில்’. பாத் நகருக்குப் பக்கத்தில் உள்ள குன்று அது. மிருதங்கம் பழகிக்கொண்டிருந்த அந்த வகுப்புத் தோழன் அதைக் கேட்டு மேசையில் தட்டினான். நாலு நாலாகத் தட்டினால் கை தவறிக்கொண்டே போனது. திருப்பிப் போடச் சொன்னான். அப்புறம் மெல்ல ‘தகிட தகதிமி’ என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: “டேய், மிஸ்ர சாபு!” கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளம் அது. பாட்டும் ஏழேதான். பல்லவி முடிகிற இடத்தில் மட்டும் நாலு வந்து குறுக்கிடும். அங்கே அவனும் விழுந்தான்.

கேப்ரியலின் முதல் நாலு இசைத்தட்டுகளுக்கும் பெயர் ‘பீற்றர் கேப்ரியல்’தான். ரசிகர்கள் அட்டைப் படத்தைப் பார்த்துப் பட்டப்பெயர் வைத்தார்கள். 1980இல் வந்த மூன்றாவதில் டிரம்ஸோடு இருக்கும் ஜால்ரா போன்ற தட்டுகளை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர் யார் தெரியுமோ? அதே கொலின்ஸ். நிறவெறியை எதிர்த்துப் போராடி, தென்னாபிரிக்கப் பொலிஸ் காவலில் 1977இல் இறந்த ஸ்டீவ் பீக்கோவுக்கான பாட்டும் அந்த இசைத்தட்டில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1982. உலக இசைக்கென்று ‘வோமாட்’ விழாவை ஷெப்டன் மாலெட்டில் தொடங்கி, பெருங்கடனில் மாட்டிக்கொண்டார். பழைய கூட்டாளிகள் அக்டோபரில் மில்டன் கீன்ஸில் ஒரேயொரு இரவு அவரோடு சேர்ந்து மேடையேறினார்கள். அந்த வசூல் கடனுக்குப் போனது. நாலு வருடம் கழித்து அவருடைய ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அது இறக்கிவிட்ட பாட்டு ஜெனசிஸின் பாட்டு! நல்ல கைம்மாறு.

நம்மவர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் படம் ஒன்றுக்கு அவர் அமைத்த இசை 1989இல் ‘பாஷன்’ என்று வந்தது. அதில் இரட்டை வயலின் வாசித்தவர் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்குப் போன குடும்பம். 1993 சுற்றுப்பயணத்தை இத்தாலியில் படம்பிடித்த வீடியோவிலும் சங்கர் கேப்ரியலோடு மேடையில் நிற்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் போட்டு, “இவர் சின்ன வயதில் எங்கட ஊரில் இருந்தவர்” என்று தொடங்கிவிடுவேன். மனைவி தேத்தண்ணி போட எழும்பிவிடுவா.